பஸ் வரும் என்று சொன்னவள்

அனுஷா செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ரவை வறுபடும் வாசனை வந்தது. வேலை நிரந்தரமாகப் போகிறது என்று வரும் வழியில் அவள் போனில் புருஷனிடம் சொன்னதை மாமியார் ஜெயலட்சுமி பக்கத்திலிருந்து கேட்டுவிட்டாள். மருமகள் அந்த வேலைக்குச் சரி என்றாளா இல்லையா என்று கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. நிரந்தர வேலையை வேண்டாம் என்று சொல்கிற பெண்பிள்ளை இருக்க முடியும் என்று அவள் எண்ணிப் பார்த்ததில்லை. முந்திரி இல்லாததால் வறுத்த நிலக்கடலையை உடைத்துப் போட்டுக் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள்.

ஜீவனஹள்ளியில் ரயில் பாதையை ஒட்டிப் போகிற சந்தில், ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிக் கட்டிய வீடுகளில் இரண்டாவது மாடி அவர்களுடையது. ஹாலில் பாதியை ஹரிஷின் மெத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அவன் ஹொசகோட்டைப் பக்கம் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்த்தவன். ஆள் குறைந்த ஒரு நாள் தானே பெட்டியைத் தூக்கப்போய், இடுப்பில் டிஸ்க் நழுவி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கிடங்குக்காரர்கள் முதல் மாதம் ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். அடுத்த மாதம் அவன் இடத்தில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். மகனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த ஜெயலட்சுமி, பேத்தி ஸ்னேஹாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அழைத்துவருவதும் மகனைத் தாங்கி எழுப்புவதுமாக இங்கேயே தங்கிப் போனாள்.

"என்ன கண்ணு, மூஞ்சி இப்புடி இருக்குது? நல்ல சேதிதானே?" என்று ஒரு தட்டில் கேசரியை வைத்து நீட்டினாள்.

"நல்ல சேதிதான் அத்தை. நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"நாளைக்கு என்னத்தச் சொல்றது? இன்னைக்கே சரின்னு போட்டுட்டு வரோணுமல்லோ?"

அனுஷா ஈரத் துப்பட்டாவைக் கொடியில் விரித்தாள். வெளியே ஆனி மாதத்துத் தூறல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அவள் ஏன் தயங்குகிறாள் என்பது மெத்தையில் படுத்திருந்தவனுக்கு மட்டும் தெரியும்.

பீன்யாவில் ஸ்கூட்டர்களுக்கு ஒயர் கட்டுகள் செய்கிற கம்பெனி அது. நீளமான பலகையில் ஆணிகள் அடித்திருக்கும். அதில் கலர் கலராக ஒயர்களை வரிசைப்படி இழுத்து, டேப் சுற்றி, முனையில் கனெக்டர் மாட்ட வேண்டும். அனுஷா கான்ட்ராக்டில் சேர்ந்து லைன் லீடர் வரை வந்திருந்தாள். இப்போது ஆபீஸில் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் லைனில் பாதிப் பேர் காது கேளாத பெண்கள். மெஷின் சத்தம் அவர்களுக்குத் தொந்தரவில்லை, பேசி நேரத்தைப் போக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் கம்பெனி அவர்களை எடுத்தது. ஆனால் அவர்களைப்போலப் பேசுகிறவர்கள் அந்த ஷெட்டிலேயே கிடையாது. சாப்பாட்டு மேஜையில் ராகிக்களி முத்தையை ஒரு கையால் உருட்டிக்கொண்டே மற்றக் கையால் ஊர்க்கதை அத்தனையும் அளப்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து அனுஷாவுக்கும் அந்த மொழி வந்துவிட்டது. அம்ருதா என்பவள்தான் முதலில் சொல்லிக்கொடுத்தவள், தப்பாகச் செய்தால் கையைப் பிடித்துத் திருத்துகிறவள்.

அந்த அம்ருதா ஒரு தடவை வயிற்று வலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆபரேஷன் நடந்தது. டாக்டர் அவள் மாமியாரிடம் வெகுநேரம் பேசினார். மாமியார் வந்து, ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று இரண்டு சைகையில் முடித்துவிட்டாள். பல மாதம் கழித்து, மாதவிலக்கு ஏன் வருவதில்லை, இனிக் குழந்தை நிற்குமா என்று கேட்க அம்ருதா வேறொரு டாக்டரிடம் போனபோது துணைக்கு அனுஷா போனாள். கர்ப்பப்பையையே எடுத்தாகிவிட்டது என்று அந்த டாக்டர் சொன்னதை அனுஷாவின் கைகள்தான் அவளுக்குச் சொல்லவேண்டி வந்தது. அம்ருதா அங்கே அழவில்லை. 'என் உடம்பைப் பற்றி வீடு முழுக்கத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது' என்று மட்டும் சொன்னாள். பிறகு, 'நீ சொன்னாயே' என்று அனுஷாவின் இரண்டு கையையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் இதையே வேலையாகச் செய்தால் என்ன என்ற ஆசை அவளுக்குள் விழுந்தது. விசாரித்தபோது காக்ஸ் டவுனில் லீனா என்பவர் சைகை மொழிபெயர்ப்புக்கு வகுப்பு நடத்துவது தெரிந்தது. லீனாவின் அப்பா அம்மா இரண்டு பேருமே காது கேளாதவர்கள். கோர்ட்டு, போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி என்று எங்கே கூப்பிட்டாலும் போகிறவர். அனுஷாவைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, இந்தக் கை வீணாகக் கூடாது என்று இடம் ஒதுக்கிவிட்டார். இரண்டு வருஷப் படிப்பு, பகல் வகுப்பு. ஆடியில் ஆரம்பம். அதற்குள் ஹரிஷ் விழுந்தான்.

ஸ்னேஹா கேசரித் தட்டோடு பாட்டியின் மடியில் ஏறிக்கொண்ட பிறகு, ஹரிஷ் மெதுவாகச் சொன்னான்: "நான் எந்திரிச்சு நடந்துட்டன்னா உன்னப் படிக்க வேண்டாம்னு சொல்லுவனா அனு? ஒரு வருசம். அதுக்கப்புறம் நீ எங்க போனாலும் நான் கேக்க மாட்டேன்."

"ஒரு வருஷம்னுதான் எல்லாரும் உள்ள போறாங்க ஹரி. ஏசி ரூமு, ஐடி கார்டு, பி.எஃப். அப்புறம் யாரு வெளிய வர்றாங்க? எனக்கு அதான் பயமா இருக்கு."

"பயமாத்தான் இருக்கும். எனக்கும் இந்தச் செவுத்தப் பாத்துட்டே படுத்திருக்கப் பயமாத்தான் இருக்குது."

மறுநாள் அனுஷா கம்பெனியில் சரி என்று சொல்லிவிட்டாள். லீனாவிடம் போய்ச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. "வேலைய விடாதே மா. வீட்ட பாரு. சனிக்கிழமை சாயங்காலம் பழகறவங்க வருவாங்க, அதுக்கு வா. அடுத்த பேட்ச்ல பாக்கலாம்" என்றார். அடுத்த பேட்ச் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அனுஷா வீட்டுக்கு நடந்தாள்.

மனிதவளப் பிரிவில் உதவியாளர் என்று போட்டார்கள். மேனேஜர் சுந்தரராமன். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கிறது. கன்னடத்தில் ஒரு வாக்கியம் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். ஒயரும் டேப்பும் பழகிய விரல்களுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் என்ன செய்வதென்று முதலில் தெரியவில்லை. வருகைப் பதிவு, லீவு, அடையாள அட்டை என்று மெல்லப் பிடிபட்டது. மதியம் மட்டும் பழைய மேஜைக்கே போய்ச் சாப்பிட்டாள். ஆபீஸ் சுடிதாரில் அவளைப் பார்த்து அம்ருதா, 'பெரிய அம்மா வந்துவிட்டார்' என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்துகாட்ட, மேஜை முழுவதும் குலுங்கியது. சம்பளம் வந்த அன்று, யாரும் சொல்லாமலே, ஹரிஷுக்கு இடுப்புப் பட்டை ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். சேர்ந்தது நல்லதற்குத்தானோ என்றுகூட நினைத்தாள்.

ஒரு நாள் சுந்தரராமன் அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். ஷெட்டைத் துமகூருக்கு அப்பால் மாற்றப் போகிறார்கள். ஆபீஸ் மட்டும் பீன்யாவிலேயே இருக்கும், அதனால் அனுஷாவுக்குக் கவலை இல்லை. லைனில் இருப்பவர்கள் அங்கே வருவதாகச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும். போடமாட்டோம் என்பவர்களுக்குக் கம்பெனி நஷ்டஈடு கொடுத்துக் கணக்கு முடித்து அனுப்பவேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல் போனால் அவர்களாகவே நின்றதாக ஆகும், கம்பெனிக்குப் பொறுப்பில்லை. மற்றவர்களுக்கு யூனியன் இருக்கிறது, பேரம் பேசுவார்கள். அதற்கு முன் காது கேளாத பெண்களை முடித்துவிடலாம் என்று மேலிடம் நினைக்கிறது. இத்தனையையும் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவ்ளோ தூரம் எப்படி சார் போவாங்க? பஸ் விடுவாங்களா?"

"பஸ் கெடையாது. கேட்டுப் பாத்தேன், இல்லேன்னுட்டா. ஆனா அவா கேட்டா இல்லேன்னு சொல்லாதே. வரும்னு சொல்லு. மொதல்ல சைன் ஆகட்டும்."

"அப்புறம் பஸ் வரலேன்னா?"

"வர முடிஞ்சவா வருவா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன்னை எதுக்கு எடுத்தோம்னு நெனச்சே? அவா பாஷை தெரிஞ்சவா வேற யாரு இருக்கா இங்க? எனக்கு மட்டும் இதெல்லாம் புடிச்சா பண்றேன்? நீ சின்னப் பொண்ணு. ஆத்துக்காரர் படுத்துண்டிருக்கார்னு சொன்னியே. நல்ல எடம் கெடச்சிருக்கு, கெடுத்துக்காதே."

அன்று வீட்டில் பச்சைப்பயறு கடைந்து வைத்திருந்தாள் ஜெயலட்சுமி. அனுஷா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். என்ன என்று ஹரிஷ் கேட்டதற்கு, நாளைக்கு ஒரு கூட்டம் என்று மட்டும் சொன்னாள். அவன் அன்றுதான் முதல்முறையாகச் சுவரைப் பிடிக்காமல் பாத்ரூம் வரை போய் வந்திருந்தான். அந்த முகத்தைப் பார்த்து மற்றதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

கூட்டம் கேன்டீனில். மழைக்கு ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் காலையிலேயே ட்யூப் லைட் எரிந்தது. பெண்கள் வெளிச்சம் விழும் பக்கமாகப் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள், கை தெரியவேண்டுமே என்று. அனுஷா அவர்களுக்கு எதிரே சுந்தரராமனுக்குப் பக்கத்தில் நின்றாள். எத்தனையோ தடவை அவர்கள் நடுவில் உட்கார்ந்தவள், இந்தப் பக்கம் நிற்பது அதுதான் முதல் தடவை. அவர் சொல்லச் சொல்ல இவள் கைகள் சொல்லிக்கொண்டே போயின. புது இடம், புதுக் கட்டடம், அதே வேலை. 'எப்படிப் போவது?' என்று ஒருத்தி கேட்டாள்.

'பஸ் வரும்' என்று அனுஷா சொன்னாள்.

சொல்லி முடித்த பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. எதிரே முகங்களெல்லாம் மலர்ந்தன. முன் பெஞ்சில் இருந்த சௌம்யா, எல்லாருக்கும் சின்னவள், போன வருஷம்தான் சேர்ந்தவள், பஸ்ஸில் ஜன்னலோர இடம் எனக்குத்தான் என்று பக்கத்திலிருந்தவளை இடித்துவிட்டு எழுந்து வந்தாள். காகிதத்தைப் படிக்கவில்லை. அனுஷாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். முடித்தவர்கள் லைனுக்குப் போகலாம் என்றார் சுந்தரராமன். அவள் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்து வந்தவள் அம்ருதா. பேனாவைக் கையில் எடுத்தவள் நின்றாள். பஸ் எங்கிருந்து, எத்தனை மணிக்கு, திரும்பக் கொண்டுவந்து விடுமா என்று புருவத்தை உயர்த்திக் கேட்டாள். அனுஷா சுந்தரராமனிடம் திரும்பி, எங்கேயிருந்து பஸ் என்று கேட்கிறார்கள் என்றாள்.

"ஏதாவது ஸ்டாப் பேரச் சொல்லேன். ஜாலஹள்ளி கிராஸ்னு சொல்லு."

அனுஷா கையைத் தூக்கினாள். அம்ருதா அவள் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயால் பொய் சொல்கிறவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளலாம். அந்த மொழியில் முகமும் பேச்சில் சேர்த்தி, திருப்பிக்கொள்ள வழியில்லை. தூக்கிய கை நடுவில் நின்றது. பிறகு, யாரோ தள்ளிவிட்டதுபோல, எல்லாவற்றையும் சொன்னாள். பஸ் இல்லை. வரும் என்று சொல்லச் சொன்னார்கள். இப்போது ஏதாவது ஒரு ஸ்டாப் பெயரைச் சொல்லச் சொல்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டு வராவிட்டால் நீங்களே வேலையை விட்டதாக ஆகும். போடாவிட்டால் கணக்கு முடித்துத்தான் அனுப்பவேண்டும்.

அம்ருதா பேனாவை மேஜைமேல் வைத்தாள். சுந்தரராமனுக்கு அது மட்டும்தான் கேட்டது.

"என்ன சொன்னே அவாகிட்ட?"

"நீங்க சொன்னத சார். எல்லாத்தையும்."

அவர் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. காகிதங்களை அடுக்கித் தட்டிச் சமன் செய்துகொண்டு எழுந்தார். மாலையில் அனுஷா அவர் அறைக்குப் போய், சௌம்யா போட்ட காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி கெஞ்சினாள். அவள் தெரியாமல் போட்டுவிட்டாள் என்றாள்.

"தெரியாமப் போட்டாளா? நீதானேம்மா சொன்னே அவளுக்கு" என்றார் சுந்தரராமன். "உன்னை வேலையை விட்டு எடுக்கமாட்டேன். எடுத்தா எதுக்குன்னு எழுதணும். நீ பாட்டுக்கு வந்துண்டு போயிண்டிரு."

அப்படியே வந்துகொண்டும் போய்க்கொண்டும்தான் இருந்தாள். கூட்டம் எதற்கும் அவளைக் கூப்பிடுவதில்லை. வாசலோரம் ஒரு மேஜை, வருகிறவர் போகிறவர் பெயரை எழுதும் வேலை. கையெழுத்துப் போடாத மற்றப் பெண்களுக்காகவும் யூனியன்காரர் பேசினார், கணக்கு முடிந்து அவர்கள் வெளியே போனார்கள். அம்ருதா வேறொரு ஷெட்டில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். ஷெட் மாறியது. சௌம்யா துமகூருக்கு அப்பால் போக வழியில்லாமல் வீட்டில் இருந்தாள். வராத ஆள் என்று பெயரை அடித்துவிட்டார்கள். அடித்த பட்டியல் அனுஷாவின் மேஜைக்குத்தான் வந்தது.

லேபர் ஆபீஸில் மனுக் கொடுக்க சௌம்யாவை அழைத்துப்போனவர் லீனா. சனிக்கிழமை பழக வந்தவர்கள் கலைந்த பிறகு லீனா அனுஷாவை நிறுத்திக்கொண்டார். ஆபீசர் வியாழக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார், அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் என்ன சொல்லப்பட்டது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார். "பாவம், உன்னயும் ஏமாத்தி சொல்ல வெச்சிட்டாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுது."

"ஏமாத்தல மேடம். எனக்கு முந்தின நாளே தெரியும்."

லீனா மடித்துக்கொண்டிருந்த நாற்காலியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்போ அதையே அங்க சொல்லு. நான்தான் அவளுக்கு சைகையில சொல்லுவேன்" என்றார். அடுத்த பேட்ச் பற்றி அனுஷா கேட்க வாயெடுத்தபோது, "அத இப்போ கேக்காதே மா" என்று சொல்லி நாற்காலியைச் சுவரில் சாய்த்தார்.

வீட்டில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஜெயலட்சுமி அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை உதறிக்கொண்டு வந்தாள். "யாரோ ஒருத்திக்காவ உன்ற சோத்துல நீயே மண்ணள்ளிப் போட்டுக்குவியா? அந்தப் புள்ளைக்கு வாய் பேச வராது, செரி. உனக்குமா புத்தி இல்ல? இவன் இன்னும் வண்டியெடுக்கல. கொழந்தைக்கு என்னத்தக் குடுப்பே?"

ஹரிஷ் பட்டையை இறுக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். "விடும்மா. அவ சொல்லட்டும்."

"சொல்லீட்டு?"

"சொல்லீட்டு வேல போனாப் போவட்டும். எனக்காவத்தான அதுல சேந்தா? நான் எந்திரிச்சிட்டேன். எங்காச்சும் கல்லாவுல உக்கோந்தாவது பாத்துக்குவேன்." சொல்லும்போதே வலியில் அவன் உதடு கோணியது. ஜெயலட்சுமி மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அங்கே பாத்திரங்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சத்தம் போட்டன.

வியாழக்கிழமை லீனாவின் கையில் சௌம்யா அதைப் பார்ப்பதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று அனுஷாவுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை மழையோடு லக்கெரெயில் இருந்த சௌம்யாவின் வீட்டுக்குப் போனாள். சௌம்யாவின் அம்மா அவளைப் பார்த்ததும் நாற்காலியில் காய்ந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு உட்காரச் சொன்னாள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். நீ ஒருத்திதான் எங்க பொண்ணுக்காக அலையறே என்று டீயும் தட்டை மாதிரியான நிப்பட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

சௌம்யா எதிரே தரையில் கால் மடித்து உட்கார்ந்துகொண்டாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். ஆனாலும் பழைய சிரிப்புதான். அனுஷாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, கையை நீட்டி அவள் முழங்காலைத் தட்டினாள். 'நீ ஏன் அழுகிற மாதிரி இருக்கிறாய்? உன் மேல் எனக்குக் கோபமில்லை. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் உன்னையும் ஏமாற்றிவிட்டார்.'

அனுஷா டீ டம்ளரைத் தரையில் வைத்தாள்.

'எனக்குத் தெரியும்' என்றாள். 'பஸ் இல்லை என்று முந்தின நாளே தெரியும். நீ பேனாவைத் தொட்டபோது தெரியும். உன் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்ருதா கேட்ட பிறகுதான் சொன்னேன். நீ அதற்குள் போய்விட்டாய்.'

சௌம்யாவின் புருவம் சுருங்கியது. இன்னொரு தடவை சொல் என்று விரலை அசைத்தாள். அனுஷா இன்னொரு தடவை சொன்னாள், அவசரப்படாமல், ஒன்றையும் விடாமல்.

"என்னம்மா சொல்றே அவளுக்கு?" என்று அம்மா சமையலறை வாசலிலிருந்து கேட்டாள்.

சௌம்யா கண்களை மூடிக்கொண்டாள்.

அதற்கு மேல் அவளிடம் எதையும் சொல்ல முடியாது. அனுஷா கைகளை மடியில் போட்டுக்கொண்டு, அந்தக் கண்கள் திறக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.